பத்துக்கு எத்தனை என்ற பத்தியை அடித்தேன்: என் பியர் குறிப்பேட்டின் பதினான்கு மாதங்கள்

குறிப்பேட்டைத் தொடங்கிய அன்று பக்கத்தில் நான்கு பத்திகள் பிரித்தேன்: பெயர், வகை, ஆல்கஹால் சதவீதம், பத்துக்கு எத்தனை. பதினான்கு மாதங்களில் 61 பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. சராசரியாக வாரத்துக்கு ஒன்று. ஒரே இரவில் மூன்றாவதாகக் குடித்த பியரைப் பற்றி எழுதியவற்றை மறுநாள் படித்தால் ஒன்றுக்கும் உதவாது. அதனால் ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் இல்லை என்று முதல் மாதமே முடிவு செய்துகொண்டேன். அந்த ஒழுங்கு இன்றுவரை நிற்கிறது. நான்காவது பத்தி நிற்கவில்லை. எட்டாம் மாதத்தில் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'வேளை' என்று எழுதினேன். எப்போது, யாருடன், எதற்குப் பிறகு என்பதுதான் இப்போது அந்தப் பத்தியில் இருக்கிறது.

காரணம், மூன்றாம் பதிவும் இருபத்தொன்பதாம் பதிவும். இரண்டும் பில்ஸ்னர் உர்குவெல் என்ற செக் நாட்டுப் பொன்னிறப் பியர். மூன்றாம் பதிவில் பத்துக்கு ஐந்து கொடுத்து, "கசப்பு அதிகம், வேறொன்றும் தோன்றவில்லை" என்று எழுதியிருக்கிறேன். இருபத்தொன்பதாவதில் ஒன்பது. அதே பியர், அதே அளவு பாட்டில், அதே கோப்பை.

இரண்டாவது தடவை குடித்தது வீடு மாற்றிய நாள். காலையிலிருந்து புத்தகப் பெட்டிகளைத் தூக்கி, கடைசியாக இரும்பு பீரோவைப் படி வழியே இரண்டு பேராக இறக்கி ஏற்றி முடித்தபோது மாலை ஆறு. முதலில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தோம். பிறகு தரையில் உட்கார்ந்து, எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தேடிக் கோப்பைகளை எடுத்து ஊற்றினேன். முதல் வாயில் ரொட்டி மேல்தோலின் இனிப்பு. அதைத் துரத்திக்கொண்டு வந்த கசப்பு நாக்கை வழித்துத் துடைத்துவிட்டு நின்றது. அடுத்த வாய்க்கு அந்தக் கசப்பே கூப்பிட்டது. மூன்றாம் பதிவின் இரவில் நான் என்ன செய்திருந்தேன் என்று பின்னால் பார்த்தேன். இனிப்பும் அடர்த்தியுமான 9 சதவீதக் கறுப்பு ஏல் (இன்னொரு பியர் வகை) ஒன்றைக் குடித்த வாயோடு இதைத் திறந்திருக்கிறேன். எந்தப் பில்ஸ்னருக்கும் அது நியாயமில்லை.

அந்தப் பியரின் பிறப்பைப் படித்தபோது எனக்கு அதன்மேல் மரியாதை இன்னும் கூடியது. 1838இல் பில்சன் நகரத்தில் கெட்டுப்போன 36 பீப்பாய்ப் பியரை நகர மன்றத்தின் எதிரிலேயே கொட்டினார்கள். அந்தக் கோபத்தில் ஊரார் சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842இல் அவர் கைக்குக் கிடைத்தவை: அதிகம் வறுக்காத வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஊரின் உப்புக் குறைந்த மென்னீர், பக்கத்து சாட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), குளிரில் மெதுவாகப் புளிக்கும் லாகர் ஈஸ்ட். மென்னீர் இல்லையென்றால் அத்தனை ஹாப்ஸின் கசப்பு முரடாக நின்றிருக்கும். பியர் என்றாலே பொன்னிறமாக நமக்கு நினைவுக்கு வரும் உருவம் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது.

ஸ்டவுட்டும் தெர்மாமீட்டரும்

பத்தியை மாற்றிய பிறகு பழைய பதிவுகளில் குறைந்த மதிப்பெண் வாங்கியவற்றை ஒவ்வொன்றாக மறுபடி வாங்கிப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர். பழைய குறிப்பில் "கருகிய கசப்பு, தண்ணீர் போன்ற நீர்த்த பதம்" என்று இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்திருக்கிறேன் என்பது அந்த வரியிலேயே தெரிகிறது.

இந்தத் தடவை மழை இரவு. வீட்டில் யாரும் இல்லை, படிக்க ஒரு தடித்த நாவல். 330 மில்லியையும் ஒரே கோப்பையில் ஊற்றி மேசையில் வைத்தேன். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் தனியே எடுத்து அதில் சமையலறைத் தெர்மாமீட்டரை நிறுத்தினேன். கிண்ணத்தில் இருப்பது சீக்கிரம் சூடேறும் என்பதால் ஒவ்வொரு தடவையும் கோப்பையிலிருந்து புதிதாக எடுத்து அளந்தேன். 4 டிகிரியில் கருகல் மட்டும். 7 டிகிரியில் பால் விடாத காபியின் வாசனை வந்தது. 10 டிகிரியைத் தாண்டியபோதுதான் அது முழுதாகத் திறந்தது: கறுப்புச் சாக்லேட், வறுத்த பார்லி, அடியில் ஒரு மெல்லிய புளிப்பு. அந்தப் புளிப்பு இருப்பதே எனக்கு முன்பு தெரியாது. குளிர் அதிகமானால் வாசனைப் பொருள்கள் காற்றில் எழும்புவதில்லை. மூக்குக்கு எதுவும் எட்டாதபோது நாக்கு கசப்பை மட்டும் சொல்கிறது. 14 டிகிரிக்கு மேல் தளர்ந்துபோனது. எனக்குப் பிடித்த இடம் 10க்கும் 12க்கும் நடுவே. அந்த ஒரு கோப்பை ஐம்பது நிமிடம் வந்தது, நாவலில் இரண்டு அத்தியாயம் முடிந்தது.

கறுப்பாக இருந்தால் தலைக்கேறும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது. ஆல்கஹாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கின்னஸ் டிராஃப்ட் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதன் நுரை பாலேடு போல் நிற்பதற்குக் காரணம் நைட்ரஜன். 1959இல் அவர்கள் கொண்டுவந்த முறை அது. நைட்ரஜன் பியரில் எளிதில் கரையாது, குமிழிகள் மிகப் பொடியாக வருகின்றன, நாக்கில் கார்பன் டை ஆக்சைடின் சுருக்கென்ற குத்தல் குறைகிறது. தனியாக இருக்கும் இரவுக்கு அதைவிட இணக்கமான பியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

முற்பகலுக்கு ஒன்று

விடுமுறை நாளின் பதினொரு மணிக்குக் கோதுமைப் பியர். இது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. பவேரிய ஹெஃபெவைசனை ஊற்றியவுடன் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டும் அதில் கிடையாது. இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட்: வாழை மணத்துக்கு ஐசோஅமைல் அசிடேட், கிராம்பு மணத்துக்கு 4-வினைல்குவயக்கால். இதைப் படித்த அன்று மறுபடி ஒரு பாட்டில் திறந்து முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஊற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. உயரமான கோப்பையைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு மெதுவாக ஊற்ற வேண்டும். மீதியைப் பாட்டிலிலேயே சுழற்றினால் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கி எழும்; அதை மேலே கவிழ்க்க வேண்டும். அந்தக் கலங்கலில்தான் கிராம்பின் காரம் அதிகம். பெல்ஜியத்தின் வெள்ளைப் பியர் இன்னொரு வழி. அங்கே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே சேர்க்கிறார்கள். ஹூகார்டன் ஊரில் அந்த வகை அழிந்துபோயிருந்தபோது, 1960களில் பியேர் செலிஸ் என்ற பால்காரர் அதை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் அது கிடைப்பது ஒரு மனிதரின் பிடிவாதத்தால்தான்.

இந்த முற்பகல்களில் ஒன்றில்தான் என் கையால் ஒரு பியர் கெட்டது. பால்கனியில் வெயில் விழும் மேசையில் பச்சைப் பாட்டில் லாகர் ஒன்றை வைத்துவிட்டுத் தொலைபேசியில் நாற்பது நிமிடம் பேசினேன். திரும்பி வந்து முகர்ந்தால் எரிந்த ரப்பரும் கந்தகமும் கலந்த நாற்றம். ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைத்துக் கந்தகச் சேர்மமாக்கிவிடுகிறது. பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை அதிகம் தடுக்காது. நம்பிக்கை வராமல் அடுத்த வாரம் சோதித்தேன்: ஒரே பாட்டிலை இரண்டு கோப்பைகளில் பிரித்து ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் பத்து நிமிடம் வைத்தேன். எது எந்தக் கோப்பை என்று தெரியாத நண்பனிடம் நீட்டினேன். முகர்ந்த கணமே வெயிலில் இருந்ததைத் தள்ளி வைத்துவிட்டான். வெளியில் உட்கார்ந்து குடிக்கும் நாள்களில் இப்போது கோப்பை நிழலில்தான்.

நான்கு பேர், ஒரு ஆட்டம்

நண்பர்கள் கூடித் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும் இரவுக்கு, என்னிடம் இருப்பதிலேயே சிறந்தவற்றைத் திறப்பதுதான் அன்பு என்று முதலில் நினைத்தேன். ஐந்தாம் மாதத்தில் அப்படி ஒரு 10 சதவீத பார்லி வைனைத் திறந்தேன்; பெயரில் வைன் இருந்தாலும் அது கடுமையான பியர்தான். 330 மில்லி பாட்டில் ஒன்றில் 33 மில்லி ஆல்கஹால். சாதாரண லாகரில் இருப்பதைப் போல இரு மடங்கு. ஆட்டம் பாதியைத் தாண்டும்போது ஒருவன் தூங்கிவிட்டான். நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன், "நீ எழுதி முடிப்பதற்குள் நுரை இறங்கிவிட்டது, ஆட்டமும் போய்விட்டது" என்றான். அவன் சொன்னது சரி. பேச்சும் கூச்சலும் முன்னால் நிற்கும் இரவில் பியர் பின்னால் நிற்க வேண்டும். இப்போது 4, 5 சதவீத லாகர்கள், சில சமயம் 3 சதவீதத்தை ஒட்டிய புளிப்பான பெர்லினர் வைசே. வண்டி ஓட்ட வேண்டியவனுக்கு ஆல்கஹால் இல்லாத பியர், அதையும் அதே கோப்பையில் நுரையோடு. குறிப்பேடு அந்த இரவுகளில் அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை. மறுநாள் காலை இரண்டு வரி எழுதுகிறேன்.

கோப்பை பற்றி ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. கழுவிய கோப்பையில் ஊற்றியபின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது என்று பொருள். பியர் கோப்பைகளுக்குத் தனி ஸ்பஞ்ச் வைத்த நாளிலிருந்து இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

காத்திருப்பவையும் காத்திருக்காதவையும்

நல்ல செய்தி ஏதாவது வந்தால் திறக்கலாம் என்று ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகைப் பியர் ஒன்றை ஐந்து மாதம் பத்திரப்படுத்தினேன். செய்தி வந்தது, திறந்தேன், ஹாப்ஸின் பழ வாசனை முழுதும் போய்விட்டிருந்தது. கசப்பும் ஈர அட்டையின் மணமும் மிச்சம். ஹாப்ஸ் மணத்துக்காகவே காய்ச்சியவை காத்திருக்காது. வாங்கிய வாரமே ஒரு வேளையைக் கண்டுபிடித்துக் குடித்துவிட வேண்டும். இந்த நஷ்டம் எனக்கு உண்மையில் வலித்தது. அதைக் காய்ச்சியவர்கள் என் கையில் கொடுத்த வாசனையை நான் வீணாக்கிவிட்டேன்.

காத்திருப்பதற்கென்றே சில உண்டு. பத்தாம் மாதத்தில் அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். முந்தைய இரவு வெஸ்ட்மல்லே டிரிபெல், 750 மில்லி பாட்டில், இரண்டு பேருக்கு. பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்குள் காய்ச்சுவது. டிரிபெல் என்ற பெயரை 1934இல் அதற்கு வைத்தார்கள். பொன்னிறமாக இருப்பதால் லேசானது என்று தோன்றும், 9.5 சதவீதம். கார்க்கை எடுத்தபோது எழுந்த சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அகன்ற கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டோம். தேன், மிளகு, காய்ந்த ஆரஞ்சு. அண்ணன் பியர் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் மாத்திரைகள் எந்தெந்த நேரம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரத்தில் பாட்டில் முடிந்தது. அந்தப் பதிவில் சுவைக்கு ஒரு வரி, மாத்திரை நேரங்களுக்கு நான்கு வரி இருக்கிறது.

அதற்கு முன்பே, ஆறாம் மாதத்தில், ஓர்வல் மூன்று பாட்டில் வாங்கியிருந்தேன். இதுவும் டிராப்பிஸ்ட் மடம் ஒன்றின் பியர். பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்ப்பதால் பாட்டிலுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும். அடைத்த தேதியை லேபிளிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். மூன்றும் ஒரே தேதியிட்டவை. முதலாவதை அப்போதே திறந்தேன்: ஹாப்ஸின் பச்சை வாசனை, தெளிவான கசப்பு. இரண்டாவதைப் போன மாதம் திறந்தேன். ஹாப்ஸ் பின்னுக்குப் போய், பழைய தோல் பையும் ஈர மண்ணும் போன்ற ஒரு மணம் மேலே வந்திருந்தது. முன்பிருந்த இனிப்பை அந்த ஈஸ்ட் தின்றுவிட்டது, வாய் உலர்ந்து முடிந்தது. இரண்டு பதிவுகளையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறு வேறு பியர்கள் என்றுதான் தோன்றும்.

மூன்றாவது, அலமாரியின் அடித்தட்டில் வெளிச்சம் படாத மூலையில் நிமிர்ந்து நிற்கிறது. அதற்கான பக்கத்தையும் குறிப்பேட்டில் ஒதுக்கிவிட்டேன். பெயர், வகை, 6.2 சதவீதம். வேளை என்ற இடத்தில் 'அண்ணன் வரும் நாள்' என்று எழுதியிருக்கிறேன். தேதி மட்டும் இன்னும் எழுதவில்லை.