மூன்று கோடும் ஒரு காலி வரியும்

மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் மாங்குளம், அரிட்டாபட்டிக் கல்வெட்டுகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச எனக்குப் பயமில்லை. ஸ்லைடு போடுவதில்தான் பயம். போன வருடம் ஒரு கல்லூரிக்குப் பென் டிரைவில் கொண்டுபோன கோப்பு, அங்கிருந்த கணினியில் எழுத்துரு இல்லாமல் அலங்கோலமாகிவிட்டது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் கழன்று தனித்தனியாக நின்றன. "பாறையில வெட்டினது ரெண்டாயிரம் வருஷமா நிக்குது, நீங்க நேத்து ராத்திரி அடிச்சது நிக்கலையே சார்" என்று ஒரு பேராசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

என் மடிக்கணினியும் பழசு. 4 ஜிபி ராம், உபுண்டு 22.04 லினக்ஸ். இருபது குகைப் படங்களைச் சேர்த்தால் ஸ்லைடு மென்பொருளுக்கு மூச்சு வாங்கும். அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனிடம் புலம்பினேன்.

"நீங்க குறிப்பெல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்லதான மாமா வச்சிருக்கீங்க? அதையே ஸ்லைடா ஆக்கிரலாம். மார்ப்னு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது."

மார்க்டவுன் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்ட எளிய குறியீட்டு முறை அது. வரியின் தொடக்கத்தில் ஹேஷ் போட்டால் தலைப்பு, ஹைபன் போட்டால் பட்டியல், அவ்வளவுதான். அப்படி எழுதிய கோப்பை வாங்கி வெப் பக்கமாகவோ பிடிஎஃப்பாகவோ ஸ்லைடு ஆக்கித் தருவதுதான் மார்ப். விஎஸ் கோடு என்ற எடிட்டருக்குள் வைத்தும் ஓட்டலாமாம். என் கணினி அதைத் தாங்காது என்பதால், கமாண்டுகளை அடித்து வேலை வாங்கும் டெர்மினலிலேயே செய்வதென்று முடிவெடுத்தோம்.

அவன் போனில் சொல்ல, நான் இங்கே அடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. முதலில் என்பிஎம், அதாவது மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் கருவி.

"என்பிஎம், இன்ஸ்டால், ஹைபன் ஜி, அப்புறம் ஆட் மார்ப் ஹைபன் டீம், ஸ்லாஷ், மார்ப் ஹைபன் சிஎல்ஐ."

"ஜிக்கு முன்னாடி ஒரு கோடா ரெண்டு கோடா?"

"ஒத்த எழுத்துன்னா ஒரு கோடு, முழு வார்த்தைன்னா ரெண்டு கோடு மாமா."

இந்தச் சூத்திரத்தை எனக்கு இத்தனை வருடமாக யாருமே சொல்லவில்லை. அடித்து என்டர் தட்டினேன். அனுமதி இல்லை என்று சிவப்பாக ஒரு பாரா வந்து விழுந்தது. வழக்கம்போல, நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் சூடோ என்ற சொல்லை முன்னால் சேர்க்கப் போனேன். "வேணாம் மாமா, மொதல்ல நோட் எந்த வெர்ஷன்னு பாருங்க" என்றான். மார்ப் ஓடத் தேவையான அடிப்படை மென்பொருள்தான் நோட். பார்த்தால் 12. உபுண்டு 22.04-இன் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் நோட்.ஜேஎஸ் நிறுவினால் அந்தப் பழசுதான் வரும். மார்ப்புக்குக் குறைந்தது 18 வேண்டும். சூடோ போட்டு உள்ளே தள்ளியிருந்தாலும் ஓடியிருக்காது.

அதற்கு என்விஎம் என்று ஒரு கருவியைப் போடச் சொன்னான். அது நோடை நம் வீட்டு ஃபோல்டருக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. அதனால் பதிப்புத் தகராறும் அனுமதித் தகராறும் ஒரே அடியில் போயின. என்விஎம்மை நிறுவிய பிறகு டெர்மினலை மூடித் திறக்க வேண்டும். அது தெரியாமல் "அப்படி ஒரு கமாண்டே இல்லைங்குதேடா" என்று கால் மணி நேரம் அவனைத் திட்டினேன். அதன்பின் பழைய வரியையே மறுபடி அடித்தேன். காபி குடித்துவிட்டு வருவதற்குள் மார்ப் வந்துவிட்டது.

ஸ்லைடுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே மூன்று ஹைபன் போட வேண்டும். இது போதாதா என்று ஏழெட்டு ஸ்லைடு மளமளவென்று எழுதி ஓட்டினேன். வந்தது ஒரே ஸ்லைடு. அதிலும் ஒவ்வொரு பகுதியின் கடைசி வாக்கியமும் தடித்த எழுத்தில் தலைப்பாகப் பெருத்து நின்றது. "இக்குகையில் கற்படுக்கைகள் உள்ளன" என்ற அப்பாவி வரிக்கு அவ்வளவு கம்பீரம்! மார்க்டவுனில் ஒரு வாக்கியத்துக்கு நேர் கீழே ஹைபன்களை வரிசையாகப் போட்டால் அந்த வாக்கியம் தலைப்பாகிவிடும். இது பழைய வழக்கம். நடுவில் ஒரு வரி காலியாக விட்டால்தான் அது ஸ்லைடு பிரிக்கும் கோடு. யாராவது என்னிடம் மார்ப் கற்றுக்கொள்ள வந்தால், நிறுவுவதற்கு முன்பே இந்தக் காலி வரியைத்தான் சொல்வேன்.

கோப்பின் தலையிலும் மூன்று ஹைபன், மூன்று ஹைபன் என்று ஒரு பெட்டி உண்டு. தீம், பக்க எண் போன்ற விவரங்கள் அதற்குள் போகும். அங்கே கோலனுக்குப் பின் ஓர் இடைவெளி விடாமல் பக்க எண்ணைக் காணோம் என்று தேடியது தனிக்கதை.

ஹைபன் டபிள்யூ சேர்த்து ஓட்டினால், கோப்பைச் சேமித்த மறு நொடி பிரவுசரில் ஸ்லைடு தானே மாறிவிடுகிறது. பாதித் திரையில் எடிட்டர், பாதித் திரையில் ஸ்லைடு. நான் மிகவும் ரசித்தது இதைத்தான். படத்தை வலது பக்கம் நாற்பது சதவீதம் பின்னணியாக வை என்று ஒரே வரியில் எழுதினால், அரிட்டாபட்டி மலை போய் வலப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. மவுஸால் இழுத்துச் சரிபார்க்கும் வேலையே இல்லை.

பிடிஎஃப் எடுக்கக் கணினியில் குரோம் மாதிரி ஒரு பிரவுசர் இருந்தால் போதும். எடுத்தேன். எழுத்தெல்லாம் வந்தது, படம் ஒன்றுகூட வரவில்லை. டெர்மினலில் ஓர் எச்சரிக்கை நின்றது. உள்ளூர்க் கோப்புகளைப் பாதுகாப்புக்காகத் தடுத்திருக்கிறேன் என்கிறது. கமாண்டில் அலவ், லோக்கல், ஃபைல்ஸ் என்பதை ஹைபன்களால் கோத்து, முன்னால் இரண்டு கோடு போட்டுச் சேர்த்தால் திறந்துவிடுகிறது. நானே எழுதிய கோப்பு என்பதால் யோசிக்கவில்லை. அடுத்தவர் அனுப்பிய கோப்புக்கு இதைச் செய்ய மாட்டேன்.

தமிழி, அதாவது இந்தக் கல்வெட்டுகளிலுள்ள தமிழ் பிராமி எழுத்துகளுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டுபிடித்தார். அதிலுள்ள நெடுஞ்செழியன் பெயரைப் பிள்ளைகளுக்குத் தமிழியிலேயே பெரிதாகக் காட்ட ஆசை. யூனிகோடில் பிராமிக்கு 2010-இலேயே இடம் கொடுத்துவிட்டார்கள். பழந்தமிழின் ழகரத்துக்கும் அதில் தனிக் குறியீடு உண்டு. ஆனால் என் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. நோட்டோ சான்ஸ் பிராமி எழுத்துருவை நிறுவி, தலைப்பெட்டியில் ஸ்டைல் என்று போட்டு, முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ், அடுத்து பிராமி என்று வரிசை கொடுத்த பிறகு எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. ஃபிட் என்று ஒரு குறிப்பைத் தலைப்பில் சேர்த்ததும் அந்த ஒற்றைப் பெயர் ஸ்லைடின் அகலம் முழுக்க விரிந்தது. பிடிஎஃப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போவதால் இனி எந்தக் கணினியிலும் கொம்பு கழலாது. ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்கு, படுங்க" என்றாள்.

இனி தொல்லையில்லை என்று நினைத்திருந்தபோது தலைமையாசிரியை போன் செய்தார். "பிபிடியா அனுப்புங்க சார், சிறப்பு விருந்தினர் பேரை மட்டும் நாங்க போட்டுக்கிறோம்." மார்ப் பிபிடிஎக்ஸ் வடிவிலும் தரும். அனுப்பினேன். அரை மணியில் மறுபடி அழைத்தார். "எங்க க்ளிக் பண்ணினாலும் எழுத்து மாட்டவே மாட்டேங்குது சார்." எப்படி மாட்டும்? ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு படமாக்கித்தான் மார்ப் அதற்குள் வைக்கிறது. திருத்தக்கூடிய பிபிடிஎக்ஸ் தர ஒரு வழி இருக்கிறது. அதற்கு லிப்ரே ஆபிஸும் வேண்டும், அதுவும் இன்னும் சோதனை நிலையில் என்றுதான் போட்டிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பெயரைக் கேட்டு வாங்கி, ஒரு வரியைத் திருத்தி, மேல் அம்புக்குறியைத் தட்டி அதே கமாண்டை ஓட்டிப் புது பிடிஎஃப் அனுப்பினேன். நாலு பேர் சேர்ந்து திருத்தும் வேலைக்கு மார்ப் ஆகாது. ஒரே ஆள் எழுதி ஒரே ஆள் பேசுவதற்கு இதைவிட வசதி நான் பார்க்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஸ்லைடின் அளவு 1280-க்கு 720 பிக்சல். எழுத்து அதற்கு மேல் போனால் மார்ப் சுருக்காது, எச்சரிக்காது, அடியில் வெட்டிவிடும். தமிழில் வார்த்தைகள் நீளம் என்பதால் ஆறு வரி தாண்டினாலே எனக்கு இடித்தது. ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்து வாக்கியங்களைக் குறைத்தேன். "குறிப்பிடத்தக்கது", "கருதப்படுகிறது" போன்றவை முதலில் போயின.

அன்று காலை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவதற்கு முன் அரிட்டாபட்டிக் குடைவரையிலுள்ள லகுலீசர் (சிவனின் ஒரு வடிவம்) சிற்பத்தைப் பற்றி ஒரு வரி விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து அதைச் சேர்த்து, பிடிஎஃப் எடுத்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். பள்ளியில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. நெடுஞ்செழியன் திரை முழுக்க வந்தபோது பின் வரிசைப் பையன்கள் எழுந்தே நின்றார்கள். பதினோராவது ஸ்லைடில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"சார், லகுலீசர் வரி பாதிதான் தெரியுது."