குளியலறை மூலையில் ஒரு வெள்ளைக் கோடு

செப்டம்பர் 27, 2025, சனி

தீபாவளிக்கு இன்னும் 23 நாள். வீட்டைக் கழுவத் தொடங்கியபோதுதான் பெரிய குளியலறையில் சுவரும் தரையும் சேரும் மூலையைக் குனிந்து பார்த்தேன். இடுக்கை அடைக்கப் பூசிய சிலிக்கன் பசை முழுதும் கரும்புள்ளி. நகத்தால் நெம்பியதும் நாடாபோல எழுந்து வந்தது. அதற்கு அடியில் இன்னொரு சிலிக்கன்! இரண்டு ஆண்டுகளுக்கு முன் பணம் கொடுத்துச் செய்வித்த வேலை. பழையதை எடுக்காமலே மேலே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். காய்ந்த சிலிக்கன்மேல் புதியது சரியாக ஒட்டாது. இடையில் ஈரம் புகும், பூஞ்சணம் குடியேறும். கோபம் இன்னும் அடங்கவில்லை.

அப்பா வந்து பார்த்தார். சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் வண்ணம் பூசும் பிரிவில் 31 ஆண்டுகள் உழைத்தவர். "ஆளைக் கூப்பிடாதேம்மா, நாமே செய்வோம்" என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சுரண்டுவதற்கே காலை முழுதும் போய்விட்டது. பிளேடைச் சுவரோடு படுக்கவைத்து ஒரு பக்கம், தரையோடு படுக்கவைத்து மறுபக்கம் அறுத்தால் நீளமாக உரிந்து வருகிறது. அது எளிய பகுதி. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் மெல்லிய படலந்தான் வம்பு. சுத்தமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது, அப்பா விரலைத் தண்ணீரில் நனைத்து ஓட்டின்மீது ஓர் இழு இழுத்தார். சில இடங்களில் நீர் பரவியது, சில இடங்களில் முத்து முத்தாகத் திரண்டது. திரண்ட இடத்திலெல்லாம் சிலிக்கன் மிச்சம் இருக்கிறது. மறுபடியும் உட்கார்ந்தேன்.

"கப்பலுக்கு வண்ணம் அடிப்பது கொஞ்ச நேரம். துருவைச் சுரண்டுவதற்குத்தான் நாள்கணக்கு" என்றார்.

இரவு, சமையலறைக் காகிதத்தை முறுக்கி ப்ளீச்சில் நனைத்து, கறுத்த இடுக்கில் செருகி வைத்தோம். சன்னல் திறந்தே இருக்கிறது. வினிகரோ வேறு அமிலக் கழுவுநீரோ அருகில் வரக்கூடாது. ப்ளீச்சுடன் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கறுப்பு போய்விட்டது. கழுவித் துடைத்து, மேசை மின்விசிறியை வாசலில் வைத்தாயிற்று. ஆறு பேருக்கும் சின்னக் குளியலறைதான். காலையில் வரிசை.

அக்டோபர் 3, வெள்ளி

வேலை முடிந்து வரும்போது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள ஹார்ட்வேர் கடையில் சிலிக்கன் வாங்கினோம். விலை குறைந்தது காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. கண்ணாடியின் பின்பூச்சையும் சில உலோகங்களையும் அது கெடுக்கலாம். எங்கள் முகக்கண்ணாடியின் ஓரத்தையும் அடைக்க வேண்டியிருப்பதால், பூஞ்சணத் தடுப்பு சேர்த்த, அமிலம் வராத வகையையே எடுத்தோம். அப்பா குழலைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்தார். பழையது எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே இருக்குமாம்.

அக்டோபர் 4, சனி

இன்றுதான் பூச்சு. ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தோம். இடுக்கின் இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டினோம். குழலின் மூக்கைச் சாய்வாக, இடைவெளியைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டினார் அப்பா. வாய் பெரிதானால் சிலிக்கன் கொட்டும். கொட்டியதை வழிப்பதில்தான் அசிங்கம் தொடங்குகிறது.

முதல் சுவரை நான் செய்தேன். கையை நிறுத்தாமல் ஒரே அழுத்தத்தில் பிதுக்கினேன். சோப்புநீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பு. வழவழவென்று வந்தது. நடுவில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும் கண்ணை உறுத்தியது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பிவந்து அதைத் தொட்டேன். அதற்குள் மேலே தோல் படிந்திருந்தது. விரலோடு சுருங்கி, பாலாடைபோல் மடிந்துவிட்டது. அந்தச் சுவர் முழுவதையும் அப்பா சுரண்டி எடுக்கச் சொன்னார். அழுகை வந்துவிட்டது, ஆனால் ஒட்டுப்போட அவர் சம்மதிக்கவில்லை. அவர் செய்தது சரி என்று இப்போது தோன்றுகிறது.

மறுமுறை ஒவ்வொரு சுவராக முடித்தோம். பிதுக்கு, இழு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து உரி, பிறகு அடுத்த சுவர். சோப்புநீர் சிலிக்கன் விழுந்த பிறகுதான். முன்னமே தெளித்தால் நீர் அடியில் போய் ஒட்டவிடாது. டேப்பை உரித்தபோது இரு பக்கமும் கத்தியால் வெட்டியதுபோல் நேரான விளிம்பு. அப்பா ஒன்றும் சொல்லாமல் விளக்கை அருகில் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

இந்த ஊரில் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். நேற்றுவரை மின்விசிறி வைத்து அதனோடு மல்லுக்கட்டினோம். இன்று அதுவே துணை. சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. ஆனாலும் மேலிருந்து உள்நோக்கி நாளுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கிறது என்று மகன் குளிக்கப் போனான். வாசலில் நாற்காலி போட்டுவிட்டேன்.

கீழ்வீட்டு அக்கா மின்தூக்கியில் கேட்டார், அவர் வீட்டுக் கூரைக் கசிவுக்கு இது போதுமா என்று. போதாது. ஓடுகளுக்கு அடியில் இருக்கும் நீர்க்காப்புப் படலந்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அது கெட்டால் மேலே எத்தனை சிலிக்கன் பூசினாலும் பயனில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் அந்தப் பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்தே உண்டு. அவர் வீட்டுக் கசிவு எங்கள் குளியலறைக்கு நேர் கீழே இல்லை என்று இருவரும் போய்ப் பார்த்து உறுதிசெய்தோம்.

அக்டோபர் 8, புதன்

முதலில் அப்பாதான் குளித்தார். பிறகு நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் மூலையில் தேங்காமல், வெள்ளைக் கோட்டின் வளைவில் வழிந்து துளையை நோக்கி ஓடுகிறது. ரப்பர் துடைப்பானால் தரையைத் தள்ளிவிட்டு வந்தேன். வீட்டில் எல்லாரும் குளித்ததும் இதைச் செய்தாக வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

குழலில் பாதி மிச்சம். மூக்கில் ஒரு திருகாணியைச் செருகி, டேப் சுற்றி வைத்தார் அப்பா. சனிக்கிழமை சமையலறைத் தொட்டியின் ஓரம்.