ஒரு பாகம், முந்நூறு வீடு: தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்பது எப்படி

ஓட்டுக் கேட்கும் வேலை வாக்காளர் பட்டியலில்தான் தொடங்குகிறது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ, உங்கள் தெரு எந்தப் பாகத்தில் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் பகுதி) வருகிறது என்று பார்த்து அந்தப் பாகத்தின் பட்டியலை, பின்னால் சேர்த்த, நீக்கிய பெயர்கள் உள்ள துணைப்பட்டியலோடு அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஓட்டுள்ள பாகம் என்றால் ஏறக்குறைய முந்நூறு வீடு. பல ஊர்களில் பூத் கமிட்டி இந்தப் பட்டியலைக் கையில் எடுப்பதே கடைசி வாரத்தில்தான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

ஏனென்றால் பட்டியலில் செய்ய வேண்டிய வேலை மாதக்கணக்கில் முந்தியது. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் இதுவரை எங்கும் பெயரில்லாதவர்களுக்கும் படிவம் 6. வேறு தொகுதியிலிருந்து வாழ வந்த மருமகளுக்கும், வீடு மாறியவருக்கும், பெயரில் எழுத்துப்பிழை உள்ளவருக்கும் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. வயதைக் கணக்கிட இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் உண்டு. ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து “என் பேரைக் காணோம்” என்பவருக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

உள்ளாட்சித் தேர்தலில் ஒரு சிக்கல் கூடுதல். சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாக வைத்து மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டு வாரியாகத் தனிப்பட்டியல் போடுகிறது. ஒரே தெருவின் இரண்டு வரிசை இரண்டு வார்டில் போய் விழும். போன தேர்தலில் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்துக்கே பழக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் அதிகம். அந்தப் பட்டியலின் வரைவு வெளியானதும் வார்டு எண்ணையும் வரிசை எண்ணையும் வீடு வீடாகச் சரிபார்த்துவிட வேண்டும்.

இனி வாசல். இரண்டு பேர் சேர்ந்து மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை நடந்தால் இருபது, இருபத்தைந்து வீடு பார்க்கலாம். முந்நூறு வீட்டுக்கு இரண்டு வாரம். அதே தெருக்காரர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும், முடிந்தால் ஒருவர் பெண். பதினைந்து பேர் கும்பலாகப் போனால் வீட்டுக்காரர் சிரித்துக் கும்பிட்டு “உங்களுக்குத்தான்” என்பார். எல்லாக் கும்பலுக்கும் அதையேதான் சொல்வார். அந்தத் தலையாட்டலை நம்பிப் போட்ட கணக்கு எத்தனையோ பூத்தில் பொய்யாகியிருக்கிறது.

முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். “அக்கா, இந்தத் தெருவுல இப்போ பெரிய தொந்தரவு எது?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது, நூறு நாள் வேலைக் கூலி இன்னும் ஏறவில்லை, எரியாத தெருவிளக்கு என்று ஏதோ ஒன்று வரும். பேச்சு அதிலிருந்துதான் கிளம்ப வேண்டும். துண்டறிக்கையைக் கடைசியில் கொடுங்கள்; முதலில் கொடுத்தால் கண் தாளுக்குப் போய்விடும். வீட்டுப் பெரியவர் திண்ணையில் இருக்கும்போது மருமகள் வாய் திறக்க மாட்டார். அவரிடம் தண்ணீர்க் குழாயடியிலோ வேலைத் தளத்திலோ பெண் தொண்டர் தனியாகப் பேச வேண்டும். ஒரு வீட்டின் ஐந்து ஓட்டும் ஒரே பக்கம் விழும் என்று எழுதிக்கொள்வதைப் போன்ற தப்புக்கணக்கு வேறில்லை.

நமக்கு, எதிர்ப்பக்கம், ஊசலாட்டம், ஊரில் இல்லை என்று நான்கு குறி போதும். குறியை வாசலில் நின்று போடாதீர்கள், தெருமுனை தாண்டிப் போடுங்கள். உறுதியான எதிர்ப்பக்கத்தாரோடு வாதம் செய்து மாலையை வீணாக்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது நடை முழுக்க ஊசலாட்டக்காரருக்கே. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்களைப் பத்து நாள் முன்பே போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வேட்பாளர் செலவில் வண்டி பிடித்து வாக்காளரை ஏற்றி இறக்குவது சட்டப்படி முறைகேடு. ஆகவே அவர்கள் தாங்களாகவே வருவதற்கு அவகாசம் வேண்டும்.

ஊரக உள்ளாட்சியில் ஒரே நாளில் நான்கு ஓட்டு. 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும் நடந்தது போல வார்டு மெம்பருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் சீட்டு. முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பங்காளியும் சம்பந்தியும் சாதியும்தான் அங்கே பேசும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் கிராமசபைக்கு யார் வந்தார், ஊராட்சிக் கணக்கை யார் வாய்விட்டுப் படித்தார் என்று கேட்டால் ஆட்கள் யோசிக்கத்தான் செய்கிறார்கள். தலைவர் வேட்பாளருக்காக மாவட்ட மருத்துவமனை வாக்குறுதி கொடுக்காதீர்கள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊராட்சிச் சாலை இவைதான் அவர் கையில். பச்சைச் சீட்டைப் பலர் பொருட்டாகவே நினைப்பதில்லை. ஒன்றியச் சேர்மனைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கவுன்சிலர்கள்தான் என்று சொன்னால் பார்வை மாறுகிறது.

சின்னம் கையில் கிடைத்து ஓட்டுப்பதிவு வருவதற்குள் ஒரு வாரம், பத்து நாள்தான். அதற்குள் சின்னத்தையும் சீட்டின் நிறத்தையும் சேர்த்தே மனதில் பதிய வைக்க வேண்டும். மாதிரிச் சீட்டு அசல் நிறத்திலோ அளவிலோ இருக்கக்கூடாது, பிற வேட்பாளர் பெயரும் கூடாது. செல்லாத ஓட்டு விழுவது பெரும்பாலும் முத்திரையை இரண்டு சின்னத்துக்கு நடுவில் குத்துவதாலும், கைநாட்டு வைத்துவிடுவதாலும்தான். முதலில் நெடுக்காக மடித்துப் பிறகு குறுக்கே மடிக்கச் சொல்லுங்கள். நெடுக்காக மடித்தால் ஈர மை அதே வேட்பாளர் வரியிலேயே படியும்.

நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர் முகத்தைப் பாதித் தெரு பார்த்தே இருக்காது. சிலிண்டர் விலை, ரயில் நிறுத்தம், நூறு நாள் கூலி என்று டெல்லியில் முடிவாகி இந்த வீட்டுக்குள் வந்து சேரும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். பத்து விஷயம் பேசினால் ஒன்றும் நிற்காது.

பணம் கொடுத்துச் சத்தியம் வாங்கியிருப்பார்கள். “யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சிடும்” என்ற பயம் இன்னும் இருக்கிறது. பூத் வாரியான மொத்தம் வெளியே தெரியும், தனி ஆளின் ஓட்டு தெரியாது. இரண்டையும் உள்ளபடியே சொல்லுங்கள். பாதியை மறைத்தால் மீதியை நம்ப மாட்டார்கள். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் இயந்திரத்தின் கண்ணாடியில் ஏழு விநாடி தெரியும் சீட்டு பெட்டிக்குள்தான் விழும், கையில் வராது என்பதையும் முதல்முறை போடுகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே கூட்டமும் ஊர்வலமும் ஒலிபெருக்கியும் ஓய வேண்டும். ஓட்டுப்பதிவு அன்றைக்குச் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக்கூடாது. கட்சி மேஜை 200 மீட்டருக்கு அப்பால். நீங்கள் எழுதித் தரும் பூத் சிலிப் வெள்ளைத் தாளாக, பெயர், வரிசை எண், பாக எண் மட்டும் உள்ளதாக இருக்கட்டும். சின்னம் இருந்தால் பறிமுதல் ஆகும்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை, நம் குறி உள்ளவர்களில் யார் இன்னும் வரவில்லை என்று பட்டியலில் அடித்துப் பாருங்கள். மூன்று மணிப் பட்டியலில் மிஞ்சுவது பெரும்பாலும் களையெடுக்கப் போனவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவை அந்த வீட்டுக்கு அனுப்பினால் ஓட்டு வந்து சேரும்.