எடை போடாத டோஸ்

"நான் கலந்ததை எடை போட்டுப் பாத்தீங்களாங்க சார்?"

எங்கள் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும் அக்கா கேட்டது இவ்வளவுதான். கிளவுஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார். கிண்டலா, உண்மையிலேயே கேட்டாரா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு வந்தது டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து, 120 மில்லிகிராம். நோயாளியின் உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கு. மருந்து கலக்கும் ரோபோ அதற்கான 6 மில்லியை உறிஞ்சியது, சிரிஞ்சை எடை பார்த்தது, 7 சதவீதம் குறைவு என்று டோஸையே ஒதுக்கிவிட்டது. 5 சதவீதம் வரைதான் ஏற்போம் என்று நாங்களே வைத்த எல்லை. இந்த மருந்தில் அதைக் கரைய வைக்கும் பாலிசார்பேட் என்ற பொருள் இருக்கிறது, குலுக்கினால் சோப்புத்தண்ணி மாதிரி நுரைக்கும். நுரையோடு காற்றும் உள்ளே போயிருக்க வேண்டும். கண்ணுக்கு சிரிஞ்சின் அளவுக்கோடு சரியாகவே தெரிந்திருக்கும்.

மணி மூன்று ஆகியிருந்தது. காங்கேயம் பக்கமிருந்து காலையிலேயே மகளோடு வந்தவர் மூன்றாவது தடவையாக ஜன்னலுக்கு வந்து, "அம்மிணிக்கு இன்னும் எத்தன நேரமாகுமுங்க?" என்றார். மெஷினை மறுபடி தயார் செய்ய நேரம் ஆகும். "அக்கா, கையிலேயே போட்ருங்க" என்றேன். அவர் கவுன் மாட்டி, இரண்டு கிளவுஸ் போட்டு, மருந்து கலக்கும் கேபினெட் முன் உட்கார்ந்தார். குப்பியைக் குலுக்கவில்லை, நுரை தானாக அடங்கட்டும் என்று விட்டார். கண்ணாடி வழியாக சிரிஞ்சைக் காட்டினார். கோடு ஆறில் இருந்தது. சரிபார்ப்பது என் வேலை, கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி.

சரி, என் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். கையால் கலக்கும் எத்தனையோ இடங்களில் தராசே கிடையாது, ஒருவர் கலப்பார், இன்னொருவர் கண்ணால் பார்ப்பார். அக்காவுக்கு இதில் பதினெட்டு வருட அனுபவம். அவர் கை ரோபோவை விடத் துல்லியமாகக்கூட இருக்கலாம்.

இந்த 'இருக்கலாம்'தான் உறுத்துகிறது. எங்கப்பா ஈரோடு மஞ்சள் மண்டிக்கு மூட்டை கொண்டுபோனால் தராசை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். வருடக் கணக்கில் பழகிய வியாபாரி என்றாலும் அப்படித்தான். நானோ, தராசு பக்கத்திலேயே இருந்தும் சிரிஞ்சில் இருந்த கோட்டை நம்பினேன். இன்னொன்றும் இருக்கிறது. டோஸைப் பத்து சதவீதம் வரை கூட்டியோ குறைத்தோ ரவுண்ட் பண்ணிக்கொள்வது புற்றுநோய் மருந்துகளில் பல இடங்களில் ஏற்கப்பட்ட நடைமுறை. அப்படிப் பார்த்தால் அந்த 7 சதவீதம் அவ்வளவு பெரிய குற்றமும் இல்லை. எவ்வளவு குறைவு என்று தெரிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, எவ்வளவு என்றே தெரியாததை ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

2006-இல் அமெரிக்காவின் ஓஹையோவில் எமிலி ஜெரி என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. 0.9 சதவீத சலைனில் கலக்க வேண்டிய கீமோவை 23.4 சதவீத உப்புக்கரைசலில் கலந்துவிட்டார்கள். சிறைக்குப் போனது சரிபார்த்து அனுப்பிய பார்மசிஸ்ட். ரோபோ வாங்கலாமா என்ற கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னவனே நான்தான். பார்கோடு, கேமரா, எடை, மூன்றையும் தாண்டித் தப்பு வெளியே வர வாய்ப்பு குறைவு என்று பேசினேன். கலக்கும் ஆட்களைப் பற்றியும் பேசினேன். இந்த மருந்துகளைக் கையாண்ட நர்ஸ்களின் சிறுநீரில் மரபணுவைப் பாதிக்கும் தன்மை இருப்பதாக 1979-லேயே பின்லாந்துக்காரர்கள் எழுதிவிட்டார்கள். அக்காவின் வலது கட்டைவிரல் சிரிஞ்ச் இழுத்து இழுத்தே வீங்கிப் போனது. மெஷின் வந்தால் அவருக்கு நல்லது என்று மனதார நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கையால் கலப்பதையும் எடை போட வேண்டும் என்று எழுதி ஒட்டினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கும் முன்பே சிரிஞ்சைத் தராசில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எண்ணை நான்தான் படிக்கிறேன். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம், ஒருநாள் நான்கு. அந்த நான்கை அவரிடம் சொல்லவா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். சொல்லவில்லை, எல்லைக்குள்தானே இருந்தது.

அன்றைய டோசிடாக்செல் தாள் ஃபைலில் இருக்கிறது. அதில் எடைக்கென்று உள்ள கட்டத்தில் என் கையெழுத்து விழுந்திருக்கிறது. அவசரத்தில் இடம் மாறிப் போட்டிருப்பேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.