மெட்போமினும் மத்தியானச் சோறும்

மே 8, வியாழன்

இரத்தச் சீனியைக் குறைக்கும் மெட்போமின் குளிசை இன்றிலிருந்து இரண்டு வேளை. காலை 500 மில்லிகிராம், இரவு 500. கூட்டினால் கொஞ்ச நாள் வயிறு பிரட்டும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். பிரட்டத்தான் செய்தது. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டின் நடுவில் போட்டால் எவ்வளவோ பரவாயில்லை. இரண்டு வாய் இடியப்பம், குளிசை, அப்புறம் மீதி.

எனக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இன்னும் வரவில்லை. இன்சுலின் சுரக்கிறது, உடம்புதான் அதன் சொல் கேட்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். அதனால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ஈரல் தேவைக்கு மேல் இரத்தத்தில் விடும் சீனியைத்தான் மெட்போமின் முக்கியமாகக் குறைக்கிறது. பீங்கானில் போடும் சோற்றை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே 10, சனி

கிளினிக்கில் எனக்குத் தந்த அளவு: வேளைக்கு 45 கிராம் மாச்சத்து. சமைத்த சோறு 100 கிராமில் கிட்டத்தட்ட 28 கிராம் இருக்கிறது. ஆக, தலை தட்டி ஒரு கப் சோறு போட்டாலே கணக்கு முடிந்துவிடும். மத்தியானம் அளந்து போட்டதை மாமி பார்த்துவிட்டார்.

“இதென்ன பிள்ளை, காக்காய்க்கு வைச்ச மாதிரி?”

பிறகு அவரே முருங்கையிலை வறையை அரைப் பீங்கானுக்குப் பரப்பி, பாரைக் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார். வறையும் மீனும் முதலில், சோறு கடைசியில். அப்படிச் சாப்பிட்டால் சீனி மெதுவாக ஏறும். குழம்பை மட்டும் சோற்றுக்கு மிச்சம் பிடித்துக்கொண்டேன்.

குரக்கன் (கேழ்வரகு) விஷயத்தையும் எழுதியே ஆக வேண்டும். வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும், “குரக்கன் பிட்டு சாப்பிடுங்கோ, ஒண்டும் செய்யாது” என்கிறார்கள். குரக்கன் மாவிலும் 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்துதான். நார் கூட, கல்சியமும் உண்டு. நல்ல சாப்பாடு, மறுக்கவில்லை. அதையும் அளந்துதான் போட வேண்டும். சிவப்பரிசியும் அப்படியே. சீனி வருத்தம் வந்தவர்கள் இதை நம்பி இரவில் வயிறு முட்டச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பதறுகிறது.

மே 12, திங்கள்

வெசாக், புத்தர் திருநாள். கொழும்பின் காலி வீதியில் விளக்குக் கூடுகள், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் வரிசைகள். ஒரு தன்சலில் அவித்த மரவள்ளியும் கட்டைச்சம்பலும். ஆசையோடு நீட்டுகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. மரவள்ளியில் 100 கிராமுக்கு 38 கிராம் அளவில் மாச்சத்து, சோற்றை விடக் கூட. இரண்டு சின்னத் துண்டு வாங்கினேன். இரவுக்கு இடியப்பத்தை விட்டுவிட்டு முட்டையும் கோவா வறையும், நடுவில் குளிசை. சரி, கணக்குக்குள்தான்.

அடுத்த தன்சலில் கலர்ப் பானம். அதைக் கும்பிட்டு விலக்கிவிட்டேன். குடிக்கிற சீனி நேரே இரத்தத்துக்கு ஏறும்.

சாப்பிட்டபின் மரைன் டிரைவ் பக்கம் நடை. தசைகள் வேலை செய்யும்போது இன்சுலின் பெரிதாக இல்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும்.

மே 16, வெள்ளி

மரக்கறி நாள், கஷ்டமான நாளும் இதுதான். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம் என்று எல்லாமே ஒரே பக்கம் சாய்கிறது. பருப்பில் மாச்சத்து இருந்தாலும் நாரும் புரதமும் இருப்பதால் அதை வைத்துக்கொண்டேன். கிழங்குக்குப் பதில் கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், சோயா மீற்.

மே 21, புதன்

மச்சாள் வந்திருந்தார். மகளின் பின்கழுத்துக் கறுப்பை அழுக்கென்று நினைத்துத் தேசிக்காயால் தேய்க்கிறாராம். பிள்ளையின் தோல் சிவந்து போயிருந்தது. அந்தக் கறுப்பு இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாகவும் இருக்கலாம், தேய்த்துப் போகாது, டொக்டரிடம் காட்டுங்கோ என்றேன். “உன்ர குளிசையில ரெண்டு தாவன்” என்றார். கொடுக்கவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் இந்த மருந்தை எழுதுவார்கள்.

அடுத்த கிளினிக்கில் விற்றமின் பி12 பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். நெடுநாள் மெட்போமின் எடுத்தால் அது குறையலாம்.