நடுவர் இல்லாத ஆட்டம்: ஒரு பயிற்சியாளரின் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணி. இன்றிலிருந்து பயிற்சி ஆட்டங்களில் நடுவர் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். விசிலைப் பைக்குள் போட்டாயிற்று. பந்து கோட்டைத் தாண்டினால், கடைசியாக யார் காலில் பட்டதோ அவரே சொல்ல வேண்டும். ஃபவுல், ஹேண்ட்பால் எல்லாவற்றுக்கும் இதேதான்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. அல்டிமேட் ஃபிரிஸ்பி என்ற தட்டெறியும் விளையாட்டில், உலகப் போட்டிகளில்கூட ஆடுபவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார்கள். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் தட்டு எறிந்தவர் கைக்கே போய்விடும், ஆட்டம் அங்கிருந்து தொடரும். எங்களுக்கும் அப்படித்தான். பேசி முடியாவிட்டால் பந்து பழைய இடத்துக்கே.

ஒரே கூச்சல். ஆடிய நேரத்தைவிட வாதாடிய நேரம்தான் அதிகம். இருக்கட்டும். பாஸ் கொடுக்கப் பழக்கும்போது பந்தைக் காலில் கொடுத்து ஆடவிடுகிறோம். நேர்மையாக ஆடுவதற்கு மட்டும் அறிவுரை போதும் என்று ஏன் நினைக்கிறோம்?

ஜூன் 5, வியாழன்

சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனால் குரல் பெரிதாக உள்ளவர்கள் சொன்னதே தீர்ப்பாகிவிடுகிறது. இடது ஓரத்தில் ஆடும் பெண் சரியாகத்தான் சொன்னாள், யார் காதிலும் விழவில்லை. அதனால் புது விதி: சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

ஜூன் 7, சனி

வேறொரு அணியோடு ஆட்டம், முறையான நடுவருடன். இரண்டாம் பாதியில் பந்து எங்கள் பையனின் குதிகாலில் உரசி வெளியே போனது. நடுவர் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது, த்ரோ-இன் எங்களுக்கே கிடைத்தது. பையன் பந்தை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினான். எறியவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர், "சீக்கிரம் போடுடா!" என்று கத்தினார். எறிந்துவிட்டான்.

அவனை நான் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தயக்கமே எனக்குப் பெரிய விஷயம். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் இருந்த கேள்வி அவனுக்குள் வந்துவிட்டது. ஆனால் பதிலை அவன் தேடியது மைதானத்துக்கு வெளியே. பிள்ளைகளை மட்டும் பழக்கினால் போதாது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் உட்காரவைத்து விஸ்வநாத் கதையைச் சொன்னேன். 1980, பம்பாயில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிரிக்கெட் டெஸ்ட். இங்கிலாந்து ஐந்து விக்கெட் இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. விக்கெட் கீப்பர் கேட்ச் பிடித்ததாக பாப் டெய்லருக்கு நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த இந்திய கேப்டன் குண்டப்பா விஸ்வநாத், டெய்லரைத் திரும்ப ஆட அழைத்தார். டெய்லரும் அவருடைய சக வீரர் இயன் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள்.

"அப்போ யார் சார் ஜெயிச்சது?"

இங்கிலாந்து. பத்து விக்கெட் வித்தியாசத்தில்.

முகங்கள் வாடிப்போயின. "அப்படின்னா கூப்பிட்டிருக்கவே கூடாது" என்று கோல்கீப்பர் பட்டென்று சொன்னான். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் மறுக்கவில்லை. நல்லவர்களாக ஆடினால் கடைசியில் கோப்பை வரும் என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்குப் பிடிக்காது. அது உண்மையும் இல்லை, வராத அன்றைக்கு நாம் சொன்ன எல்லாமே பொய்யாகிவிடும். தோல்வியும் வரலாம் என்று தெரிந்துதான் விஸ்வநாத் கூப்பிட்டார். அதை மட்டும் சொல்லிவிட்டு ஆடப் போகச் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

பெற்றோர் ஒருவர் அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார். தன் தவறைத் தானே சொல்லும் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம், மாதக் கடைசியில் பரிசு. வேண்டாம் என்றேன்.

2018 கால்பந்து உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் கணக்கு எல்லாவற்றிலும் சமம். அவர்களுக்குள் நடந்த ஆட்டமும் 2-2. மஞ்சள் அட்டை ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. அட்டை குறைவாக வாங்கிய அணிக்கே வாய்ப்பு என்ற அந்த நியாய ஆட்ட (ஃபேர் பிளே) கணக்கில் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. அந்தக் கணக்கு தெரிந்ததால்தான் போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்தபோதும், கடைசி நிமிடங்களில் ஜப்பான் வீரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டி நேரத்தைக் கடத்தினார்கள். அரங்கமே கூச்சலிட்டது. அவர்கள் விதியை மீறவில்லை, குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் நேர்மைக்கு மதிப்பெண் போட்டால் அதையும் கணக்குப் பார்த்துத்தான் ஆடுவார்கள். பத்து வயதில் அந்தக் கணக்கு வேண்டாம்.

ஜூன் 14, சனி

புதிதாகத் தொடங்கிய ஓர் அணியோடு ஆடினோம். இடைவேளையிலேயே 5-0. தோற்கப் பழக்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இப்படி ஜெயிக்கப் பழக்குவது அதைவிடக் கடினம்.

வேண்டுமென்றே கோல் விடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரே ஆடும் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும், 5-0 என்பதைவிட அதிகமாகவும் வலிக்கும். எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்: இனி ஷாட் அடிப்பது பழக்கமில்லாத காலால் மட்டும், அதுவும் ஐந்து பாஸுக்கு அப்புறம். கோல் போட்டால் ஓடிக் கொண்டாட வேண்டாம். இந்தப் பேச்சு அந்தப் பக்கம் கேட்கவே கூடாது. முழு மூச்சோடுதான் ஆடினார்கள், ஆட்டம் 6-1 என்று முடிந்தது. அந்த ஒரு கோல் அவர்களே போராடி அடித்தது.

ஜூன் 17, செவ்வாய்

பெற்றோர்களோடு பேசினேன். இரண்டே வேண்டுகோள். ஒன்று, நடுவரிடம் எங்கள் கேப்டன் மட்டும்தான் பேசுவார், வெளியிலிருந்து யாரும் பேசக் கூடாது. ஐரோப்பிய நாடுகள் ஆடும் 2024 யூரோ கால்பந்துக் கோப்பையில் பெரிய வீரர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு இருந்தது. இரண்டாவது, பயிற்சி ஆட்டங்களில் முறைவைத்து லைன்ஸ்மேன் கொடியைப் பிடிக்க வேண்டும்.

அன்றைக்குக் கத்திய அப்பாவே முதலில் கொடியை வாங்கிக்கொண்டார். ஓடி ஓடிப் பார்த்தும் ஒரு த்ரோ-இன் யாருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. கொடியைப் பாதி தூக்கியபடி நின்றார். "என் கால்லதான்பா பட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, அவர் மகன் பந்தை எதிர்ப்பக்கம் உருட்டினான்.

வியாழக்கிழமைக்கு இரண்டு அம்மாக்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆஃப்சைடை விளக்கும் பொறுப்பை இடது ஓரத்தில் ஆடும் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன்.