புள்ளி வைக்காத எழுத்து

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், லாட்ஜ் ஒன்றின் பக்கச் சுவர். நாற்பதடி நீளம். அதில் ஊரின் வரலாற்றை வரைந்து கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கூப்பிட்டார். ஃபிளெக்ஸ் வந்த பிறகு போர்டு எழுதுகிறவனுக்குச் சுவர் கிடைப்பதே அபூர்வம். கூலியைக்கூடக் கேட்காமல் சரி என்றேன். (அப்புறம் கேட்டு நொந்துகொண்டது தனிக் கதை.)

கையில் கொடுத்த படத்தில் கோட்டை, அகழி, ஜலகண்டேஸ்வரர் கோபுரம், முள்ளுக் கத்திரிக்காய், 1806 ஜூலை 10 சிப்பாய்கள். சிப்பாய் தலையில் தோல் குஞ்சம் வைத்த, தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை. அதைப் போட மாட்டோம் என்றதும்தானே கலகத்துக்கு ஒரு காரணம்? போனில் சொன்னேன். "யாருங்க அதையெல்லாம் பார்க்கப் போறாங்க" என்றார். நான் பழைய முண்டாசையே கட்டிவிட்டேன். அவர் சொன்னபடியே யாரும் பார்க்கவில்லை.

சாரத்தில் நின்றால் தெரு முழுக்கக் கண்ணில் படும். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. அதை நம்பி கொல்கத்தா, ராஞ்சி, குவாஹாட்டி, டாக்கா என்று எங்கெங்கிருந்தோ காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் அடுப்போடு சேர்த்து அறை வாடகைக்கு விடுகிறார்கள், மளிகைக் கடையில் கடுகு எண்ணெய் விற்கிறார்கள், மெஸ் வாசலில் வங்காள எழுத்து.

அந்த எழுத்தில் நிறைய நான் எழுதியது. ஒரு வரி படிக்கத் தெரியாது. துண்டுச் சீட்டில் இருப்பதைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவேன், அவ்வளவுதான். முதல் போர்டில் ஓர் எழுத்துக்குக் கீழே இருந்த புள்ளியைப் பேனா மை சிந்தியது என்று விட்டுவிட்டேன். சாப்பிட வந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே நின்று சிரித்தார். வங்காளத்தில் 'ப'வும் 'ர'வும் ஒரே வடிவம். 'ர'வுக்குக் கீழே புள்ளி, அதுதான் வித்தியாசம். எனாமல் காய்ந்த பிறகு ஏணி போட்டு ஏறிப் புள்ளி வைத்தேன்.

2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. டாக்காவாசிகளை நம்பிப் பணம் மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் போர்டை அடித்துவிடச் சொன்னார். நான் எழுதியதை நானே வெள்ளை அடித்தேன். இரண்டு கோட் அடித்தும் சிவப்பு லேசாகத் தெரிந்தது. மூன்றாவது கோட்டுக்கு அவர் காசு தரவில்லை, நானும் அடிக்கவில்லை.

கொடுத்த படத்தில் இந்தத் தெரு இல்லை. அகழிக்கு அப்பால் மிச்சமிருந்த ஆறடியில் எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்து நிற்கும் ஒரு பெண்ணையும், கையில் தூக்குவாளியோடு ஒரு பையனையும் வரைந்தேன். லாட்ஜ்காரர், "நம்ம கஸ்டமருங்கதானே, இருக்கட்டும்ணே" என்றார். மேலே 'வேலூர்' என்று தமிழிலும் உருதுவிலும் வங்காளத்திலும் எழுதினேன். உருதுவை இடமிருந்து ஆரம்பித்துத் திட்டு வாங்கிய காலம் உண்டு. இந்த முறை எதிர்க்கடை பாயைப் பக்கத்தில் நிற்க வைத்து வலப்பக்கமிருந்து வந்தேன். வங்காளத்தில் கடைசி எழுத்து 'ர'. மறக்காமல் புள்ளி வைத்தேன்.

பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது, முதல் மாடி அறையில் அப்பாவோடு தங்கியிருந்த அசாம் பையன் இறங்கி வந்தான். அரைகுறைத் தமிழில், "அண்ணா, எங்க 'ர' இது இல்லை" என்றான். கீழே புள்ளி கிடையாதாம், உள்ளுக்குள்ளேயே ஒரு சாய்கோடாம். சிமெண்ட் பை காகிதத்தில் எழுதிக் காட்டினான்.

சுவரில் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒன்றரை அடி இருந்தது. கழுவிய பிரஷ்ஷை மறுபடியும் பெயிண்டில் முக்கினேன்.